கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி

வடசென்னையில் வயதானவர்களிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் அந்த இடத்துக்கு வந்தது 1930களில். ஜனங்களின் வாயில் இருந்த பெயர் அதற்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. கஞ்சி ஊற்றும் தொட்டியும் மருந்து கொடுக்கும் மேசையும் ஒரே வாசலுக்குள் இருந்ததை அந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பசியைப் 'பசிப்பிணி' என்று நோய்களின் வரிசையில் வைத்த மொழி நம்முடையது. துறைமுகப் பட்டினமான புகாரில் மணிமேகலை அமுதசுரபியோடு நடந்த கதையின் மையமே அந்தச் சொல்தான். பசியும் ஒரு நோய்தான் என்ற அந்த முடிவுக்கு உடலியங்கியல் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்து சேர்ந்த பாதையின் ஒரு முக்கியமான பகுதி சென்னை வழியாகப் போகிறது.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, பயிர் அழிந்தது, உயிர் பிழைத்தவர்கள் கோட்டை இருந்த சென்னையை நோக்கி வந்தார்கள். கருப்பர் நகரத்தின் வடக்கே, மதிலுக்கு வெளியே, ஒரு மணியக்காரர் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஆரம்பித்தார். மணியக்காரர் என்றால் ஊர்த் தலைவர். அந்தச் சொல் ஆங்கிலேயர் வாயில் 'மோனிகர்' ஆனது. சத்திரத்துக்கு அதுவே ஏட்டுப் பெயராக நிலைத்தது. 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் அந்தச் சத்திரத்தை ஒட்டி ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். ஸ்டான்லியின் வேர் அது.

சென்னையின் இன்னொரு பெரிய மருத்துவமனையின் பிறப்பு வேறு விதம். இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பொது மருத்துவமனை 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. கம்பெனியின் படைவீரர்கள் நோயில் விழுந்தால் கவனிப்பதற்கான இடம் அது. கப்பலேறிப் பல மாதம் பயணம் செய்து வந்த ஒரு சிப்பாய் காய்ச்சலில் செத்தால் கம்பெனிக்கு அது நஷ்டம். ஒன்று படைக்காக எழுந்தது, மற்றது பசிக்காக எழுந்தது. காலனித் துறைமுகங்கள் பலவற்றில் இந்த இரட்டை வழியைப் பார்க்கலாம். எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது இரண்டாவது வழி. அங்கேதான் ஒரு கேள்வி தவிர்க்க முடியாமல் எழுந்தது: ஒரு மனிதன் சாகாமல் இருக்க எவ்வளவு சாப்பாடு வேண்டும்?

அந்தக் கேள்வி கூர்மையடைந்தது தாது வருஷத்தில். 1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. வடகிழக்குப் பருவமும் கைவிட்டது. அடுத்த ஆண்டு பசிபிக் பெருங்கடலில் எல் நினோ முற்றியது. அளவீடுகள் கிடைக்கும் காலத்தில் மிக வலுவானவற்றில் ஒன்று அது. பசிபிக்கின் மேற்கு ஓரத்தில் தேங்கியிருக்க வேண்டிய வெந்நீர் கிழக்கே நகர்ந்தால், அதன் மேல் எழும்பும் ஈரக் காற்றும் கூடவே நகர்கிறது. அதற்கு ஈடாக இந்தியாவின் மேல் காற்று கீழ்நோக்கி அமுங்குகிறது. அமுங்கும் காற்றில் மேகம் கட்டாது. 1877இன் தென்மேற்குப் பருவமழை அப்படித்தான் சரிந்தது. அதே காலத்தில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள்.

அன்று இந்தத் தொடர்பு யாருக்கும் தெரியாது. சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில்தான் பஞ்சம் வருகிறது என்ற கருத்து 1877இல் லண்டன் வரை பேசப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்ட ஆதாரம் சென்னையின் மழைக் கணக்குகள். விடை சூரியனில் இல்லை. ஆனால் கேள்வி சரியான திசையில் இருந்தது. தூரத்து மாற்றம் ஒன்று இங்கே மழையைத் தடுக்கலாம் என்று நினைத்துப் பார்த்தார்கள். 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடித்தான் உலகெங்கும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டினார். பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் தராசின் இரு தட்டுகள் போல ஏறி இறங்குவதை அவர் கண்டது அந்தத் தேடலில்.

பஞ்சம் வந்ததும் ஜனங்கள் கடலை நோக்கி நடந்தார்கள். காரணம் எளிது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி வந்து இறங்கியது சென்னைக் கடற்கரையில். துறைமுகச் சுவர்களை அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் மூட்டைகளை வாங்கி வந்தன. மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகள் இல்லாமல் நகரத்துக்கு ஒரு மணி அரிசி வந்திருக்காது. ஆக, தானியம் நகரத்தில் இருந்தது. ஜனங்களின் கையில் காசுதான் இல்லை. பஞ்சத்தில் முதலில் வற்றுவது வாங்கும் சக்தி என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எழுதிக் காட்டினார். பண்ணையில் வேலை போன கூலியாளும், துணி விற்காத நெசவாளியும் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடக்க முடியும்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அனுப்பினார். டெம்பிளின் முந்தைய அனுபவத்தை அறியாமல் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது. 1873-74இல் பிகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து தாராளமாக அரிசி வரவழைத்தவர் அவர். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. பாராட்டு வரவேண்டிய இடத்தில் ஊதாரி என்ற வசைதான் அவருக்கு வந்தது. சென்னைக்கு வந்த டெம்பிள் அந்த வசையைத் துடைக்க வேண்டிய மனிதராக வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் மேற்கொண்டு சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் நின்றுவிட்ட அளவு அது. வேலை ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கக் கூடாது, தூரம் போய்ச் செய்ய வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. உண்மையிலேயே வழியற்றவன்தான் அத்தனை தூரம் நடப்பான் என்பது அதன் தர்க்கம். உண்மையிலேயே வழியற்றவனால் அத்தனை தூரம் நடக்க முடியுமா என்று யோசித்திருக்க வேண்டும்.

எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். இந்த மனிதரைப் பற்றி நம் பள்ளிப் பாடங்களில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். 1871ஆம் ஆண்டு சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கு இவருடைய உழைப்பு. அதற்கும் முன்பே, 1863இல், மாகாணத்து ஜனங்கள் எதை எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதையும் ஜில்லா சிறைகளின் உணவு அளவையும் விசாரித்து அறிக்கை எழுதியிருந்தார். அதனால் டெம்பிளின் அளவைப் பார்த்த உடனே அவரால் பேச முடிந்தது. மண் சுமக்கிறவனுக்குக் குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சிறையில் கைதிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகக் குற்றமே செய்யாதவனுக்குக் கொடுக்கிறோம் என்பது அவர் வாதம்.

இருவரும் மோதிய காலத்தில் உணவை அளக்கக் கலோரி என்ற அலகு புழக்கத்தில் இல்லை. சர்க்கரையும் மாவும் கொழுப்பும் உடலில் ஒன்றுக்கு ஒன்று எந்த விகிதத்தில் ஈடாகும் என்று ஜெர்மனியில் மாக்ஸ் ரூப்னர் நிறுவியது 1880களில்தான். கார்னிஷ் தன் கண்ணால் கண்ட உடல்களையும், உணவிலுள்ள நைட்ரஜன் கணக்கையும், சிறைப் பதிவேடுகளையும் வைத்து வாதாடினார். இன்று நமக்குக் கணக்குப் போடுவது சுலபம். போட்டுப் பார்ப்போம்.

ஒரு ராத்தல் 454 கிராம். அந்த அளவு அரிசியில் இருப்பது சுமார் 1,600 கலோரி. 45 கிலோ எடையுள்ள மெலிந்த மனிதன் அசையாமல் படுத்திருந்தாலே அவனுடைய இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம், உடற்சூடு எல்லாவற்றுக்குமாக நாளொன்றுக்கு 1,200 முதல் 1,300 கலோரி செலவாகும். மிச்சம் 300 அல்லது 400. மண்வெட்டி பிடித்து மண் வெட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 கலோரி போகும். அதாவது, அந்தத் தானியம் ஒரு மணி நேர வேலைக்குத்தான் காணும். வேலைக்கு நடந்து போவதற்கும் திரும்பி வருவதற்கும் அதில் இடமில்லை. மேற்கொண்டு கொடுத்த காசு சற்று ஈடுகட்டியிருக்கும்தான். ஆனால் உப்பு, மிளகாய், விறகு என்று அந்தக் காசு கரைய வேறு வழிகளும் இருந்தன. பஞ்சத்தில் விலையும் ஏறிக்கொண்டே போனது. பற்றாக்குறை ஒவ்வொரு நாளும் அவன் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது.

அந்த 1,600 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம். 1944-45இல் ஆன்சல் கீஸ் என்ற உடலியங்கியலாளர், போரில் துப்பாக்கி ஏந்த மறுத்த 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பட்டினி ஆய்வு நடத்தினார். எல்லோரும் தாமே முன்வந்தவர்கள், நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள். 24 வாரம் அவர்களுக்குக் கொடுத்த உணவு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவு. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும், இலகுவான சில வேலைகளும் செய்ய வேண்டும். முடிவில் எடையில் கால் பங்கு போயிருந்தது. இதயத் துடிப்பு மந்தமாயிற்று, எப்போதும் குளிர்ந்தது, கால் வீங்கியது, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. பஞ்சத்தில் அடிபடும் மக்களை எப்படிக் காப்பாற்றுவது என்று கற்பதற்காக, 'அரைப்பட்டினி' என்று பெயர் வைத்துக் கொடுத்த அளவு அது. 67 ஆண்டுகள் முன்னதாகச் சென்னையில் ஏறக்குறைய அதே அளவை 'போதும்' என்று கொடுத்தார்கள். கொடுத்தது, ஏற்கெனவே மெலிந்து போயிருந்த, மண் சுமந்தே ஆகவேண்டிய மனிதர்களுக்கு.

உணவு குறையும்போது உடல் ஒரு வரிசைப்படி நடந்துகொள்கிறது. ஈரலில் சேமித்த க்ளைக்கோஜன் ஒரு நாளில் தீரும். பிறகு தசையைக் கரைத்து அதிலிருந்து மூளைக்குச் சர்க்கரை தயாராகும். அப்படியே போனால் சில வாரங்களில் தசை முழுதும் கரைந்துவிடும் என்பதால், உடல் கொழுப்பை உருக்கிக் கீட்டோன் என்ற மாற்று எரிபொருளை மூளைக்குப் பழக்குகிறது. தசை கரைவது குறைகிறது. ஆனால் கொழுப்பே இல்லாத ஏழைக் கூலியாளின் உடலில் இந்தக் காவல் சீக்கிரம் முடிந்துபோகும். அதன்பின் இதயத் தசையும், நெஞ்சை அசைக்கும் தசையும், குடலின் உட்சுவரும் கரையத் தொடங்கும்.

குடல்தான் இங்கே விஷயம். சென்னையில் பணியாற்றிய அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர், பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பரிசோதித்து, அந்தப் பஞ்சத்தின் நோய்களைப் பற்றி 1889இல் நூல் வெளியிட்டார். உள்ளுறுப்புகள் எடையிழந்து சுருங்கியிருந்தன, குடல் மெலிந்திருந்தது. பட்டினி ஆய்வின் வரலாற்றில் இன்றும் பேசப்படும் பதிவு அது. அவர் கண்டதன் பொருள் இப்போது நமக்கு நன்றாகப் புரிகிறது. சிறுகுடலின் உட்பரப்பில் குடல் உறிஞ்சிகள் வெல்வெட் துணியின் மயிர்போல அடர்ந்து நிற்கும். அவற்றின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பவை. புரதம் இல்லாவிட்டால் முளைப்பது நிற்கும், உறிஞ்சும் பரப்பு தேய்ந்து வழவழப்பாகும். அந்த நிலையில் சோறு உள்ளே போனாலும் உடலில் சேராது, வயிற்றுப்போக்காக வெளியேறும். நிவாரண முகாமில் சாப்பாடு கிடைத்த பிறகும் ஜனங்கள் செத்துக்கொண்டே இருந்தது நிர்வாகிகளுக்குப் புரியாத புதிராக இருந்தது. பட்டினி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் சோறு மட்டும் போதாது, மருத்துவம் வேண்டும். கஞ்சித்தொட்டியும் ஆஸ்பத்திரியும் ஒரே வாசலுக்குள் இருக்க வேண்டியதன் காரணம் அந்த மெலிந்த குடல்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீண்ட பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று இலை நிறையச் சோறு போட்டால் அவர் செத்துப் போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து விடுபட்டவர்கள் பலர் அப்படி இறந்தபோதுதான் மருத்துவ உலகம் இதைக் கூர்ந்து பார்த்தது. சோறு உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும். அது சர்க்கரையைச் செல்களுக்குள் தள்ளும்போது ரத்தத்தில் எஞ்சியிருந்த கொஞ்சம் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் கூடவே உள்ளே போய்விடும். பாஸ்பேட் இல்லாமல் இதயம் சுருங்கி விரிய முடியாது. அதனால் இன்று கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி முதலில் கொடுப்பது 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள, புரதம் குறைந்த பால் கலவை. அதையும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுகச் சிறுகப் புகட்டுகிறார்கள். தாது உப்புகள் சேர்ந்திருக்கும். சில நாள் கழித்துத்தான் செறிந்த உணவு.

நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி, அடிக்கடி, சிறு குவளையில். மணியக்காரரின் தொட்டியிலிருந்து ஊற்றியது ஏறக்குறைய இதுதான். காய்ச்சல் கண்டு பட்டினி கிடந்தவருக்கு நம் வீட்டுப் பெண்கள் எப்போதும் செய்துவந்ததும் இதுதான். அதில் உப்பும் போட்டார்கள். தாது வருஷத்தில் பட்டினியோடு சேர்ந்து கொன்று குவித்தது காலரா. காலராவில் ஆளைக் கொல்வது நீரும் உப்பும் இழந்துபோவது. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும் என்று ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். அவற்றின் பின்னாலேயே நீரும் போகும். இந்த அறிவை வைத்து 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மஹாலனபிஸ், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை அண்டா அண்டாவாகக் கலக்கி வாய்வழி கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அரிசி மாவுக் கஞ்சியில் செய்த உப்புக் கரைசல் காலரா நோயாளிக்குச் சர்க்கரைக் கரைசலைவிட நன்றாகவே வேலை செய்கிறது என்று பின்னால் தெரியவந்தது. மாவுச்சத்து குடலில் மெல்ல உடைந்து குளுக்கோஸைச் சிறுகச் சிறுக விடுவதுதான் காரணம்.

ஆனால் கஞ்சியைப் போற்றுவதோடு நின்றுவிட முடியாது. முதல் வாரத்தில் உயிர் காக்கும் கஞ்சி மூன்றாம் மாதத்தில் போதாது. அதில் புரதம் மிகக் கொஞ்சம், தீட்டிய அரிசி என்றால் தையமினும் இல்லை, கீரை இல்லாவிட்டால் மாலைக்கண் வரும். கார்னிஷ் பருப்பையும் காய்கறியையும் விடாமல் கேட்டதன் நியாயத்தை அடுத்த தலைமுறை ஆய்வகத்தில் நிறுவியது. அந்த வேலையில் ஒரு பங்கு நம் குன்னூரில் நடந்தது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே தொடங்கிய சிறு ஆய்வு அறைதான் பின்னால் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

1877இலேயே சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் நாட்கள் பல போயிருந்தன. ஆகஸ்டு 4 அன்று நகரப் பிரமுகர்கள் கூடி உலகத்தாரிடம் உதவி கேட்டார்கள். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி அந்த முயற்சியின் முதுகெலும்பாக இருந்தார், இங்கிலாந்திலிருந்து பெருந்தொகை வந்தது. செப்டம்பருக்குப் பிறகு மழையும் வந்தது. மழையோடு கொசு வந்தது, மலேரியா வந்தது. பட்டினியில் எதிர்ப்புச் சக்தி இழந்த உடல்கள் காய்ச்சலில் சரிந்தன. பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று எழுதப்பட்ட அந்தச் சாவுகளைப் பஞ்சத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். தென்னிந்தியாவில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்சக் குழு 1880இல் அறிக்கை தந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் பிறந்தன. வேலை செய்யும் ஆணுக்கு அந்தக் குழு ஏற்ற அளவு ஒன்றரை ராத்தல் தானியத்தையும் பருப்பையும் ஒட்டியிருந்தது. கார்னிஷ் மூன்று வருடம் முன்பு கேட்டது அதைத்தான்.

பறக்கும் ரயிலில் மயிலாப்பூரைக் கடக்கும்போது தூண்களுக்குக் கீழே கறுத்த நீர் தெரியும். பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டு, ஏறத்தாழ 8 கிலோமீட்டர், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பிறகு சூட்டினார்கள். தானிய விலையை வைத்து அன்றன்று கணக்கிட்ட கூலிக்கு ஆணும் பெண்ணும் கூடை கூடையாக மண்ணை மேலே ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்கு 300 கலோரி.